கிழங்குச் சாமி

"எனக்கு மட்டும் ஏனுங்க சாமி இன்னும் தீட்சை இல்லை?"

சென்னியப்பர் இப்படிக் கேட்டபோது மடத்துச் சாமி கிணற்றடியில் தன் வேட்டியைத் தானே துவைத்துக்கொண்டிருந்தார்.

ஈர வேட்டி கல்லில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒம்பது வருசமாச்சுங்க. எனக்குப் பின்னால வந்தவங்கெல்லாம் வாங்கிட்டுப் போயிட்டாங்க. பூசையில உக்காந்து குறட்டை விடுவானே பழனியாண்டி, அவனுக்குக்கூடக் குடுத்தீங்க."

"அவர் குறட்டை நல்ல சுருதியா இருக்கும்" என்றார் சாமி.

சென்னியப்பருக்குச் சிரிப்பு வரவில்லை.

சென்னியப்பருக்கு அறுபது வயது. சாமிக்கு நாற்பத்து நான்கு. தன்னைவிடச் சின்னவரிடம் கைகட்டி நின்று கேட்பதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை. கேட்டும் கிடைக்காததுதான் உறுத்தியது.

அவர் ஒரு காலத்தில் நல்ல விவசாயி. ஒரு புரட்டாசி மாதம் உழுதுகொண்டிருந்தபோது கொழு முனையில் ஒரு சாரைப் பாம்பு இரண்டு துண்டானது. துண்டுகள் இரண்டும் தனித்தனியாகத் துடித்தன. ஏரை நடுவயலில் அப்படியே விட்டுவிட்டு நடந்தவர், மலையடிவாரத்தில் இருந்த இந்த மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அன்றிலிருந்து ஏர் பட்டு விளைந்த எதையும் அவர் வாயில் வைத்ததில்லை. நெல் இல்லை. கம்பு இல்லை. பருப்பு இல்லை. காடு தானாகத் தருவது மட்டும்தான். ஒரு நாளைக்கு ஒரே ஒரு காட்டு வள்ளிக்கிழங்கு. அதையும் சந்நிதியில் படைத்துவிட்டு, சுட்டு, உப்பில்லாமல் தின்பார்.

"என் ஒரு வாய்க்காக ஒரு புழு செத்ததில்லைங்க சாமி. இதுக்கு மேல நான் எதை விடணும்? சொல்லுங்க, விட்டுடறேன்."

சாமி வேட்டியைப் பிழிந்து உதறினார்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"எப்பவும் போலத்தானுங்க. ஒரு கெழங்கு."

"எங்க விளைஞ்சது?"

"காட்டுல."

"காட்டுல எங்க?"

அது அவருக்குத் தெரியவில்லை. மலைமேல் குடிசை போட்டிருக்கும் நஞ்சி என்பவள் தினமும் காலையில் கொண்டுவந்து கொடுப்பாள். மடப்பள்ளியில் அவளுக்கு அரிசி அளந்து போடுவார்கள். இத்தனை வருசமாக அப்படித்தான் நடந்தது.

"அது விளைஞ்ச குழியில இருந்து ஒரு பிடி மண்ணு கொண்டாங்க" என்றார் சாமி.

"கொண்டாந்தா?"

"கொண்டாங்க. அப்புறம் பேசலாம்."

சென்னியப்பர் சாமியின் முகத்தைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. சவுக்காரத் தண்ணீர் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"பக்கத்துலதானுங்க இருக்கும். மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்."

சாமி வேட்டியைக் கொடியில் போடப் போய்விட்டார்.

*

அன்று வெள்ளிக்கிழமை. வாசலில் டவுன் பஸ்ஸில் வந்திறங்கிய கூட்டம் நின்றது.

சாமியைப் பார்க்க வரும் கூட்டம் இல்லை அது. சாமி மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிற சாதாரண மனிதர். அவரை யார் பஸ் ஏறி வந்து பார்ப்பார்கள்? கூட்டம் சென்னியப்பருக்கு.

"விரதச்சாமி வர்றாரு, வழி விடுங்க!"

ஒருத்தி தன் கைக்குழந்தையை அவர் காலடியில் கிடத்தினாள். அவர் குனிந்து குழந்தையைத் தூக்கிக் கொடுத்தார்.

"நீங்க சொன்னபடியே வீட்டுல வெள்ளிக்கிழமை அடுப்புல சோறு வைக்கறதில்லைங்க சாமி. கெழங்குதான்."

அவர் அப்படி யாரிடமும் சொன்னதில்லை. யாரோ ஒருவர் ஆரம்பித்தார். தெரு பிடித்துக்கொண்டது. பிறகு ஊர். இப்போது டவுன் சந்தையில் வியாழக்கிழமை சாயங்காலம் விரதக் கிழங்கு என்று குவித்து வைத்து விற்கிறார்களாம். கேள்விப்பட்டபோது அவருக்கு உள்ளூர ஒரு நிறைவு. வாரத்தில் ஒரு நாளாவது இத்தனை வீட்டில் உழுது கொன்ற சோறு வேகவில்லையே.

"சாமி, தலை கிடைக்குங்களா?" என்று ஒருவர் கூட்டத்துக்குள்ளிருந்து கையை நீட்டினார். "போன மாசம் வந்தேன், தீந்துபோச்சுன்னுட்டாங்க."

அதுவும் ஒரு வழக்கமாகிவிட்டிருந்தது. சந்நிதியில் படைத்த கிழங்கின் தலையை அறுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, வாங்கிப் போய் வாசல் நிலையில் கட்டிக்கொள்வார்கள். வீட்டுக்கு நல்லது என்று ஒரு பேச்சு. கிடைக்காதவர்கள் சந்தைக் கிழங்கின் தலையையே கட்டிக்கொள்வார்கள். டவுனில் தலை கட்டாத நிலையைப் பார்ப்பது அரிது என்பார்கள்.

"இன்னைக்கு இன்னும் கெழங்கே வரல. நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்."

"சாமியே காட்டுக்குப் போறாருங்க!" என்று யாரோ சொல்ல, இரண்டு மூன்று பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

*

மடத்து வாசலுக்கு ஓரமாக முள்வேலி. வேலியைத் தாண்டினால் காடு.

தாண்டினார். காட்டைக் காணவில்லை.

ஒன்பது வருசமாக அவர் அந்த வேலிக்கு அப்பால் போனதில்லை. போக வேண்டிய வேலை இருக்கவில்லை. சாப்பாடு கைக்கு வந்தது.

மரங்கள் இருந்தன. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றும். நடுவிலெல்லாம் உண்ணிச்செடி புதர் கட்டியிருந்தது. புதருக்கு நடுவே குழிகள்.

ஒரு குழியில் கால் வைத்துத் தடுமாறினார். பன்றி பறித்திருக்கும் என்று நினைத்தார். பத்தடியில் இன்னொன்று. அதற்கு அப்பால் மூன்று. பிறகு எண்ண முடியவில்லை. முழங்கால் ஆழம், இடுப்பு ஆழம் என்று சரிவு முழுக்கக் குழியாகக் கிடந்தது.

இத்தனை பறிக்க எத்தனை பன்றி வேண்டும்!

மழை அந்தக் குழிகளை ஒன்றோடொன்று சேர்த்து ஓடை ஆக்கியிருந்தது. ஒரு பெரிய வேங்கை மரம், வேரெல்லாம் வெளியே தெரிய, பக்கத்து மரத்தின்மேல் சாய்ந்து நின்றது. அந்த மரமும் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியவில்லை.

மத்தியானத்துக்குள் திரும்பலாம் என்று நினைத்திருந்தார்; அதற்குள் வெயில் ஏறிவிட்டது. பழக்கமில்லாத ஏற்றம் மூச்சை அடைத்தது.

குனிந்து ஒரு குழியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார். மண் எல்லாம் மண்தானே. சாமி என்ன, உரசிப் பார்த்தா கண்டுபிடிக்கப் போகிறார்?

கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு அதைக் கொட்டிவிட்டு மேலே நடந்தார்.

*

மலைக்காரர்களின் குடிசைகள் ஏழு. ஆறில் கதவுப் படல் கட்டப்பட்டிருந்தது. ஏழாவது குடிசை வாசலில் நஞ்சி பானைகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க கெழங்குச் சாமி."

அவருக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது அன்றுதான் தெரியும்.

"ஏன் சாமி, சாப்பாடு வரலீன்னு நீங்களே தேடி வந்துட்டீங்களா? பசி அத்தனை தூரம் நடக்க வெச்சிருச்சா?"

"பசியில்ல நஞ்சி. ஒரு காரியமா வந்தேன். மத்தவங்கெல்லாம் எங்க?"

"செங்கல் சூளைக்குப் போயிட்டாங்க. நான்தான் கடைசி. சாயங்கால பஸ்ஸுக்குப் போறேன். நேத்தே வந்து உங்க பெரிய சாமிகிட்டச் சொல்லிட்டு வந்தனே. சொல்லலீங்களா?"

"சொல்லல."

"அழுதாரு" என்றாள் நஞ்சி. "எதுக்கு அழறாருன்னு தெரியல. நான் போறதுக்கு அவர் எதுக்கு அழறாரு?"

சென்னியப்பர் அங்கிருந்த கல்லில் உட்கார்ந்தார்.

"சூளைக்கு ஏன் போறீங்க? காடு இருக்குது, மடத்துல அரிசி குடுக்கறாங்க."

"கெழங்குக்குத்தானுங்க அரிசி. கெழங்கு தீந்துபோனா அரிசி ஏது?" அவள் சாக்கின் வாயைக் கட்டினாள். "நெனைச்சா சிரிப்பா வருது சாமி. இத்தனை வருசமா நீங்க எங்க சோத்தைத் தின்னீங்க. நாங்க உங்க சோத்தைத் தின்னோம். எங்க புள்ளைகளுக்கு இப்ப கெழங்குக் கொடி எது, விசக் காஞ்சிரங்கொடி எதுன்னு தெரியாது. அரிசியில கல்லுப் பொறுக்கத் தெரியும்."

"கெழங்கு எப்படித் தீரும்? காடு எம்மாம் பெருசு!"

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

"நீங்க எதுக்கு வந்தீங்க, அதைச் சொல்லுங்க."

"நேத்து நான் சாப்பிட்ட கெழங்கு விளைஞ்ச குழியில ஒரு பிடி மண்ணு வேணும். சாமி கேட்டாரு."

நஞ்சியின் கை சாக்கு முடிச்சில் நின்றது.

"வேற குழி எத்தனையோ கெடக்குதே சாமி. வர்ற வழியில பாத்திருப்பீங்களே."

"அதேதான் வேணும்."

கொஞ்ச நேரம் அவள் யோசித்தாள். பிறகு கிழங்கு தோண்டும் கூர் சீவிய மூங்கில் கோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"தூரமுங்க. நடப்பீங்களா?"

*

அவள் முன்னே போனாள். அவர் பின்னே.

"இது நீங்க வந்த வருசம்" என்றாள் ஒரு மேட்டைக் காட்டி. குழிகள்.

"இது அதுக்கு அடுத்த வருசம். நல்ல மாவுக் கெழங்கு இங்க. ஞாபகம் இருக்குதுங்களா? நீங்ககூட நல்லாயிருக்குதுன்னு சொன்னீங்க."

அவருக்கு ஞாபகம் இருந்தது.

"இந்தச் சரிவு பூராவும் உங்களுக்கில்ல. வெள்ளிக்கிழமைக்காரங்களுக்கு. யாவாரி ஆளுங்க கடப்பாரையோட வந்தாங்க. லாரி அந்தப் பாறை வரைக்கும் வரும். மூங்கிலையெல்லாம் வெட்டித்தான் அந்தத் தடம் போட்டாங்க."

அவர் அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"கரடிக்கும் இந்தக் கெழங்குதான் சாமி. அதுக்கும் இல்லாமப் போச்சா, ஊருக்குள்ள இறங்கிருச்சு. போன தையில என் மச்சானைக் கீறிப்போட்டுருச்சு. பொழைக்கல. கரடியையும் ஊர்க்காரங்க அடிச்சுட்டாங்க."

வெயிலில் சென்னியப்பரின் உதடு காய்ந்தது. ஆனாலும் அவருக்குள் இருந்த விவசாயி விடவில்லை.

"நஞ்சி, நானும் மண்ணுல பொறந்தவன்தான். கெழங்கை நோண்டுனா மறுபடி முளைக்குமே. முளைக்காத கெழங்கு உண்டா?"

நஞ்சி நின்றாள். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்ததா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"எதுல இருந்துங்க முளைக்கும்?"

அவருக்குப் புரியவில்லை.

அவள் மூங்கில் கோலை ஊன்றிவிட்டு, இடது முன்கையை நீட்டி, வலது கையால் மணிக்கட்டுக்கு மேல் அறுப்பது போலக் காட்டினாள்.

"எங்க ஆளுங்க கெழங்கு எடுத்தா, மேல இத்தனையுண்டு தலையைக் கொடியோட அறுத்து, அதே குழியில வெச்சு, மண்ணைத் தள்ளி மூடிட்டுத்தான் வருவோம். அடுத்த வருசம் அதே குழியில அதே கெழங்கு. எங்காத்தா எடுத்த குழியில நான் எடுத்திருக்கறேன். குழிக்கெல்லாம் பேருகூட உண்டு."

"அப்புறம் ஏன் இதையெல்லாம் இப்படி விட்டீங்க? தலையை ஏன் வைக்கல?"

"நீங்கதானே வேண்டாமுன்னு சொன்னீங்க."

"நானா?"

"நீங்கதான்."

அது அவருக்கு மெல்லத்தான் வந்தது.

மடத்துக்கு வந்த புதிது. மடப்பள்ளி வாசலில் இதே நஞ்சி ஒரு கிழங்கை நீட்டுகிறாள். தலைப்பக்கம் அறுபட்டிருக்கிறது. 'மூளியா இருக்குதே, இதைச் சந்நிதியில படைக்கறதா? தலையோட முழுசாக் கொண்டா' என்கிறார் அவர். 'தலை குழிக்குங்க' என்கிறாள் அவள். 'குழிக்கு எதுக்கு? முழுசா இருந்தாத்தான் சாமிக்கு ஆகும்' என்கிறார். சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விடுகிறார்.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு நிமிசம்கூட ஆகியிருக்காது.

"நீங்க முழுசா வேணுமின்னீங்க. அப்புறம் ஊரெல்லாம் முழுசா வேணுமின்னுது. தலை இல்லாத கெழங்கை யாவாரி தொடவே மாட்டான். விரதத்துக்கு மூளி ஆகாதாம்."

விதைக்கென்று எடுத்து வைத்த நெல்லை, எத்தனை பஞ்சத்திலும், சென்னியப்பர் உலையில் போட்டதில்லை. அவர் அப்பனும் போட்டதில்லை. ஊரில் யாராவது போட்டால் அவர்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள்.

இங்கே தலைகள் எல்லாம் மஞ்சள் துணிக்குள் காய்ந்து, டவுன் வாசல்களில் தொங்குகின்றன.

"ஏன் நஞ்சி, அன்னைக்கே நீ என்னைத் திட்டியிருக்கக் கூடாதா?"

"சாமியைத் திட்டுவாங்களா?" என்றாள் நஞ்சி. "உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு நெனைச்சேன்."

*

உச்சியை ஒட்டி ஒரு சமதளம். அங்கே மட்டும் மரங்கள் நெருக்கமாக இருந்தன. மண் கறுத்து, மெத்தென்று, காலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. மரங்களுக்கு இடையே முழங்கால் உயரத்துக்குக் கற்கள் நடப்பட்டிருந்தன. இருபது முப்பது இருக்கும்.

சென்னியப்பர் செருப்பைக் கழற்றினார். எந்தச் சாமி என்று கேட்டார்.

"சாமியில்லீங்க. எங்க ஆளுங்க. செத்தவங்களை இங்கதான் பொதைப்போம்."

அவர் அங்கேயே நின்றார்.

"இங்க மட்டும் நாங்க கோல் வைக்கறதில்ல. இங்க இருக்கற கொடி அவங்களுக்குன்னு விட்டுருவோம். யாவாரி ஆளுங்களுக்கும் இந்த இடம் தெரியாது."

ஓர் ஓரத்தில், ஒரு கல்லுக்குப் பக்கத்தில், புதிதாக ஒரு குழி.

"அதுதானுங்க."

"நஞ்சி..."

"நேத்துக் காலையில எங்கெங்கயோ சுத்திப் பாத்தேன். ஒரு கொடியும் கிடைக்கல. நீங்க வேற எதையும் தொடமாட்டீங்க. ஊரை விட்டுப் போறப்ப, ஒம்பது வருசம் என் கையால வாங்கித் தின்ன மனுசனைப் பட்டினி போட்டுட்டுப் போக மனசு வரல."

"யாரோடது அந்தக் கல்லு?"

"எங்காத்தாளோடதுங்க."

சென்னியப்பர் உட்கார்ந்துவிட்டார். நேற்றுத் தின்றது எப்போதோ அவருடைய ரத்தத்தில் சேர்ந்துவிட்டிருந்தது.

"மண்ணு வேணுமின்னீங்களே, எடுத்துக்குங்க. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவர் கையை நீட்டவில்லை.

நஞ்சியே குனிந்தாள். குழியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, அவருடைய மேல்துண்டின் முனையை இழுத்து, அதில் போட்டு முடிந்தாள். குழந்தைக்கு இடுப்பில் கயிறு கட்டுவது போலப் பதமாக முடிந்தாள்.

"கொண்டு போங்க. எங்காத்தா ஒண்ணும் சொல்லமாட்டா. யாரையும் பசியோட அனுப்பினவ இல்ல அவ."

அவர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அட, இதென்ன கூத்து! எந்திரிங்க சாமி" என்று சொல்லிவிட்டு, அவள் சரிவில் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

*

அவர் மடத்துக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

கூட்டம் போகவில்லை. இன்னும் பெருகியிருந்தது. விரதச்சாமி காட்டுக்குள் போனவர் திரும்பவில்லை என்ற பேச்சு டவுன் வரை போயிருந்தது. அவர் முள்வேலியைத் தாண்டி வருவதைப் பார்த்ததும் ஒரு சத்தம் எழுந்தது. யாரோ தட்டில் ஒரு கிழங்கை நீட்டினார்கள். தலையோடு, முழுசாக, மஞ்சள் பூசி.

"சந்தையில கடைசிக் கெழங்கு இதுதானுங்க சாமி. உங்களுக்குன்னு ஓடி ஓடிப் புடிச்சேன்."

அவர் அதைத் தாண்டி நடந்தார்.

மடத்துச் சாமி பந்திக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு இலைகள் போடப்பட்டிருந்தன. கூடத்தின் கதவு வாசலைப் பார்த்து அகலத் திறந்திருந்தது.

சென்னியப்பர் துண்டு முனையை அவிழ்த்து மண்ணை நீட்டினார்.

சாமி எழுந்து இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கியதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவருக்கு. சந்நிதிப் பக்கம் இரண்டடி போனார். திரும்பினார். கடைசியில் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"யாரோட குழின்னு தெரியுங்களா?" என்று கேட்டார் சென்னியப்பர்.

"தெரியுமுங்க."

"நான் இனி ஒண்ணும் சாப்பிடப் போறதில்ல சாமி. பச்சைத் தண்ணியும் தொடமாட்டேன். இந்த உசிரு போற வரைக்கும் இப்படியே உக்காந்துக்கறேன்."

"உக்காருங்க. அதுக்கு இதைவிடப் பெரிய கூட்டம் வரும்."

சென்னியப்பர் வாசலைப் பார்த்தார். கைகூப்பிய தலைகள். எட்டிப் பார்க்கும் குழந்தைகள். ஒருவர் தோள்மேல் ஒருவர் கை போட்டு எக்கி நிற்கிறார்கள்.

"பின்னே நான் என்னதான் செய்யறது?"

"இலை போட்டிருக்குது."

"சோறா?"

"சோறுதான். பருப்பும், பூசணிக்காய்க் குழம்பும்."

"ஏர் பட்டதுங்க சாமி."

"ஆமா."

"அதுல எத்தனை புழு செத்திருக்கும்!"

"செத்திருக்கும்."

"அப்புறமும் திங்கச் சொல்றீங்களா?"

சாமி மண்ணைத் தன் மடியில் போட்டுக்கொண்டு, ஓர் இலையின் முன்னால் உட்கார்ந்தார்.

சென்னியப்பர் வெகுநேரம் நின்றார். சாம்பிராணிப் புகையும் குழம்பின் மணமும் கலந்து வந்தன. ஒன்பது வருசமாக அந்த மணத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டவர் அவர்.

கதவைச் சாத்தலாமா என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை.

உட்கார்ந்தார்.

சோறு விழுந்தது. பருப்பு விழுந்தது. அவர் பிசைந்தார். விரல்களுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. முதல் கவளம் பாதி இலையிலேயே சிந்தியது. இரண்டாவது கவளம் வாய்க்குப் போனது.

வாசலில் சத்தம் அடங்கியது.

"ஐயோ, சோறு திங்கறாரே!"

"மடத்துச் சாமி என்னவோ வசியம் வெச்சுட்டாருடா."

"வசியமும் இல்லை, ஒண்ணும் இல்லை. இத்தனை நாளா திருட்டுத்தனமாத் தின்னுட்டுத்தான் இருந்திருப்பாரு. ஒடம்பைப் பாத்தா தெரியல?"

காலையில் குழந்தையைக் காலடியில் கிடத்தியவள் மட்டும் கதவு வரை வந்தாள். "சாமி, நீங்களா? எங்க வீட்டுல நாலு வருசமா, இப்ப பச்சைப் புள்ளைக்கும் சேர்த்து விரதம் இருந்தமே சாமி!" என்றாள். "யாரை நம்பி இருந்தோம்?"

அவர் எழுந்து போய் அவளிடம் சொல்லலாம். குழியைப் பற்றி, தலையைப் பற்றி, கல்லைப் பற்றி. சொன்னால் அவள் மறுபடி காலில் விழுவாள். அவர் அடுத்த கவளத்தை உருட்டினார்.

கூட்டம் கலைந்தது. போகிற போக்கில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்வது கூடம் வரை தெளிவாகக் கேட்டது.

"வடக்கே மலைமேல ஒரு சாமி இருக்காராம். இவரை மாதிரி ஏமாத்துக்காரர் இல்லை. மூங்கில் குருத்து மட்டும்தான் சாப்பிடுவாராம். அடுத்த வெள்ளிக்கிழமை அங்க போலாம்."

பஸ் கிளம்பும் சத்தம் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

சென்னியப்பரின் கை இலையில் அப்படியே நின்றுவிட்டது.

"கேட்டீங்களா சாமி?"

"கேட்டேன்."

"யாராவது போய் அந்தச் சாமிகிட்டச் சொல்ல வேண்டாமா?"

"உங்ககிட்ட யாராவது வந்து சொல்லியிருந்தா, கேட்டிருப்பீங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். சோறு இலையில் ஆறிக்கொண்டிருந்தது.

"மாட்டேன்" என்றார்.

திறந்த கதவு வழியே முள்வேலியும், அதற்கு அப்பால் சாய்ந்து நின்ற வேங்கையும் மங்கலாகத் தெரிந்தன. இத்தனை வருசம் அதே கூடம், அதே கதவு. அவர்தான் சந்நிதியைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு கேக்கறேனுங்க சாமி. மறைக்காமச் சொல்லணும்."

"கேளுங்க."

"இதெல்லாம் தெரிஞ்சுதான் எனக்குத் தீட்சை குடுக்காம வெச்சிருந்தீங்களா?"

சாமி மடியில் கிடந்த மண்ணைப் பார்த்தார்.

"இல்லீங்க. நேத்து நஞ்சி வந்து சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும்."

"அப்ப ஒம்பது வருசமா ஏன்?"

சாமி நிமிரவில்லை.

"நான் மூணு வேளையும் சோறு திங்கறவன். உங்களுக்குத் தீட்சை குடுக்க எனக்கு என்ன யோக்கியதைன்னு இருந்தேன்" என்றார். "தினமும் நீங்க பூசையில கண்ணை மூடினதும், நானும் அந்தக் கூட்டத்தோட நின்னு உங்களைக் கும்பிட்டுட்டுத்தானுங்க போவேன்."